முகம் பாராத இரண்டு வருடங்கள்

ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் மகனுக்குப் பதினைந்து வயது. ஏழு வயதில் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தவன். இப்போது ஆராதனைக்கு வரவே மறுக்கிறான். வந்தாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து செல்பேசியைப் பார்க்கிறான். குடும்ப ஜெபத்தில் வாயைத் திறப்பதில்லை. பகலெல்லாம் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். இரவில் தூங்கும்போது மட்டும் ஒரு சாண் திறந்து வைக்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அப்படி என்னதான் வந்துவிட்டது? விசுவாசப் பெற்றோராக நாங்கள் எங்கே தவறினோம்?"

சகோதரி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். காலம் எப்படிப்பட்டது என்பது ஒன்று. நாம் எங்கே தவறினோம் என்பது இன்னொன்று. முதலாவதற்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கான பதில் கொஞ்சம் உறுத்தும். இருபது வருடம் வாலிபர் கூடுகை நடத்தியவன், என் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டியதைப் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். என்னை உறுத்தியதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

பாவக் கணக்கில் சேர்க்கக் கூடாதவற்றை முதலில் கழித்துவிடுவோம். பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு ஒன்று, இரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகிறது. பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால் அவனுக்குத் தூக்கம் வராது; விடியற்காலையில் எழுப்பினால் அவன் உடம்புக்கு அது இன்னும் நடுச்சாமம். 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது? ஆராதனையில் அவன் விடும் கொட்டாவியையெல்லாம் ஆவிக்குரிய குளிர்ச்சி என்று எழுதிவைக்காதீர்கள். பவுல் நெடுநேரம் பிரசங்கித்தபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்தே விழுந்தான். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். கடிந்துகொண்டதாக அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரியும் இல்லை. (நம் பிரசங்கங்களின் நீளம் தனியாகப் பேசவேண்டிய விஷயம்.)

மூளையும் அப்படித்தான். விளைவை எண்ணிப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுக்கும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுமையாக முதிர்கிறது. ஆசையையும் கோபத்தையும் கிளப்பும் பகுதிகளோ அதற்கு வெகு முன்பே ஓடத் தொடங்கிவிடுகின்றன. இதனால் அவன் செய்வதெல்லாம் சரியாகிவிடாது. ஆனால், நேற்று நன்றாக இருந்த பிள்ளை இன்று காரணமில்லாமல் கதவை அறைந்து சாத்தினால் உடனே பிசாசைக் கடிந்துகொள்ளக் கிளம்பவேண்டாம்.

இனிக் காலத்தைப் பற்றி. முதல் ஐபோன் 2007-இல் வந்தது, இன்ஸ்டாகிராம் 2010-இல். இவை இல்லாத உலகத்தை உங்கள் மகன் பார்த்ததே இல்லை. நமக்கு அது ஒரு கருவி. அவனுக்கு நண்பர்கள் கூடும் திண்ணையே அதுதான். அந்தத் திரைக்கு அடி கிடையாது. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கும். 'போதும்' என்று சொல்லும் இடம் வேண்டுமென்றே எடுக்கப்பட்டிருக்கிறது. வளர்ந்த மனிதர்களான நாமே அதில் தோற்கிறோம். ஆஸ்திரேலியா 2024-இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை போட்டுவிட்டது. ஒரு நாடே கவலைப்படும் விஷயத்தை ஒரு பிள்ளையின் மனவுறுதிக்கு விட்டுவிட்டு, அவன் தோற்றால் 'உனக்கு ஜெபம் போதாது' என்பது நியாயமில்லை. வீட்டில் ஒழுங்கு வேண்டும். இரவில் எல்லோருடைய செல்பேசியும் படுக்கையறைக்கு வெளியே ஒரே இடத்தில் இருக்கட்டும். எல்லோருடையதும் என்றால் உங்களுடையதும், உங்கள் கணவருடையதும். அவன் செல்பேசியைப் பார்க்கவேண்டும் என்று நினைத்தால் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் பாருங்கள். திருட்டுத்தனமாகப் பார்த்தால் திருட்டுத்தனத்தைத்தான் அவன் கற்றுக்கொள்வான்.

உபாகமம் ஆறாம் அதிகாரத்தைப் பிள்ளை வளர்ப்புக் கூட்டங்களில் தவறாமல் வாசிக்கிறோம்: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பிள்ளைகளோடு பேசவேண்டும் என்று. அதற்கு முந்திய வசனத்தை அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். இந்த வார்த்தைகள் முதலில் 'உன் இருதயத்தில்' இருக்கவேண்டும் என்கிறது அது. குடும்ப ஜெபம் முடிந்து 'ஆமென்' சொன்ன கை நேராகச் செல்பேசிக்குப் போவதைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். வாலிபர் கூடுகையில் ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "அப்பா கண்ணை மூடுவதற்கு முன்னால் கடைசியாகப் பார்ப்பதும், திறந்ததும் முதலில் பார்ப்பதும் எது என்று எனக்குத் தெரியும், அண்ணா." அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னான். அதனால்தான் இன்னும் நினைவிருக்கிறது.

படிப்பு, மதிப்பெண், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடு ஆகிய தொல்லைகள் எல்லா வீட்டிலும் உண்டு. விசுவாச வீட்டில் மட்டும் அதோடு ஒன்று கூடுதலாகச் சேர்கிறது: 'இவ்வளவு ஜெபித்தோமே, ஏன் குறைந்தது?' தேர்வு நெருங்கினால் ஞாயிறு பள்ளியை நிறுத்தித் தனி வகுப்புக்கு அனுப்புவோம். தேர்வன்று காலையில் எண்ணெய் பூசி ஜெபிப்போம். தேவன் எதற்காக இருக்கிறார் என்று நம் வீட்டில் நினைக்கிறோம் என்பதைப் பிள்ளை இதிலிருந்தே புரிந்துகொள்கிறான். அப்புறம் மதிப்பெண் குறையும்போது தேவனும் சேர்ந்தே குறைகிறார்.

நாம் வாய் திறக்கக் கூசுகிற விஷயம் ஆபாசக் காணொளி. 'என் பிள்ளை அப்படியில்லை' என்று தயவுசெய்து தொடங்காதீர்கள். தேடிப் போகாவிட்டாலும் அது தேடி வருகிறது. பத்து, பன்னிரண்டு வயதில் தற்செயலாகப் பார்த்ததாகச் சொன்ன பிள்ளைகள் என்னிடம் பலர். கையும் களவுமாகப் பிடித்த தகப்பன் அன்றிரவு என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த பல வருடங்கள் அமைகின்றன. அடிப்பதும், குடும்பம் முழுவதும் கேட்க வேதத்தை எடுத்து வாசிப்பதும், போதகரைக் கூட்டிவந்து உட்காரவைப்பதும் வழக்கம். மூன்றும் ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்கின்றன: அடுத்த முறை அகப்படாதே. ஆதியாகமத்தில் முதல் பாவத்துக்குப் பிறகு தேவன் கேட்ட முதல் கேள்வி, "நீ எங்கே இருக்கிறாய்?" அவருக்கா தெரியாது? ஒளிந்துகொண்டவன் வெளியே வந்து பேசுவதற்காகக் கேட்டார். தண்டனையும் கொடுத்தார், தோட்டத்தைவிட்டு அனுப்பவும் செய்தார். ஆனால் அனுப்புவதற்கு முன்பு தோல் உடைகளைச் செய்து அவர்களுக்கு உடுத்திவிட்டார். வெட்கத்தில் நிற்கிற பிள்ளையை எப்படிக் கையாளவேண்டும் என்பதற்கு அந்த ஒரு அதிகாரம் போதும்.

இதோடு சேர்ந்த ஆபத்து ஒன்றைப் பல பெற்றோர் அறியவில்லை. முகம் தெரியாத ஒருவர் பெண்பிள்ளை போலவோ, வயதொத்த நண்பன் போலவோ பழகி, அந்தரங்கப் படம் ஒன்றை வாங்கிவிடுவார். அடுத்த நிமிடமே பணம் கொடு, இல்லாவிட்டால் உன் வீட்டாருக்கும் சபையாருக்கும் அனுப்புவேன் என்ற மிரட்டல் தொடங்கும். பையன்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். வீட்டில் சொல்ல முடியாமல் உயிரையே விட்ட பிள்ளைகள் பல நாடுகளில் உண்டு. ஆகவே இன்றே, எதுவும் நடக்காதபோதே, அவனிடம் சொல்லிவையுங்கள்: "யாராவது எப்போதாவது உன்னை எதையாவது வைத்து மிரட்டினால், தவறு உன்மேல் இருந்தாலும் சரி, நேராக என்னிடம் வா. அன்றைக்கு நான் திட்டமாட்டேன்." அப்படி வந்தால் பணம் கொடுக்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், அந்தக் கணக்கைப் பற்றிப் புகார் செய்துவிட்டுக் காவல்துறையிடம் போங்கள். சபையில் மூப்பராகவோ ஊழியராகவோ உள்ள ஒருவரே பிள்ளையிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்றாலும் போகவேண்டிய இடம் அதேதான். 'தேவநாமம் தூஷிக்கப்படும்' என்று பிள்ளையின் வாயை அடைக்கிறவர் எந்தத் தேவனைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. உலகம் கெட்டது என்று எல்லோரும் சொல்கிறோம்; உண்மைதான். ஆனால் நான் பார்த்த வரையில் விசுவாச வீட்டுப் பிள்ளைகளை அதிகமாக உடைத்தது இரட்டை வாழ்க்கை. அதற்கு நாம்தான் பயிற்சி கொடுக்கிறோம். 'சாட்சி' என்ற அருமையான சொல்லை நம் வீடுகளில் என்ன செய்து வைத்திருக்கிறோம்? கண்டதைக் கண்டபடி சொல்வதுதான் சாட்சி. நாமோ, சபையார் என்ன நினைப்பார்கள் என்ற பயத்துக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டோம். 'நம் குடும்பச் சாட்சி கெட்டுவிடும்' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பதின்மூன்று வயதில் இரண்டு முகங்களை வைத்துக்கொள்ளத் தெரிந்தவனாகிவிடுகிறான். ஜெபத்தில் எந்தச் சொற்களைச் சொன்னால் அம்மாவுக்குக் கண்ணீர் வரும் என்பதும் அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்க மறுக்கும் உங்கள் மகனைவிட, தினமும் அழகாக ஜெபித்துவிட்டு அறைக்குள் போகிற பிள்ளையைப் பற்றித்தான் நான் அதிகம் பயப்படுவேன். உங்கள் மகன் குறைந்தபட்சம் நடிக்கவில்லை.

தாவீது ராஜாவின் வீட்டைப் பாருங்கள். அவர் மகன் அப்சலோம் சகோதரனைக் கொன்றுவிட்டு ஓடிப்போனான். மூன்று வருடம் கெசூர் என்ற அயல்நாட்டில் இருந்தான். தாவீதின் படைத்தலைவன் யோவாப் நடுவே நின்று பேசி அழைத்துவந்தான். தாவீது என்ன சொன்னார்? அவன் தன் வீட்டுக்குப் போகட்டும், என் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை என்றார். அப்சலோம் 'ராஜாவின் முகத்தைக் காணாமலே' இரண்டு வருடம் எருசலேமில் குடியிருந்தான் என்று இரண்டாம் சாமுவேல் பதினான்காம் அதிகாரம் சொல்கிறது. ஒரே ஊர். ஒரே தகப்பன். தண்டிக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. கடைசியில், தகப்பனிடம் தூதுபோக அழைத்தும் யோவாப் வராததால், யோவாபின் வயலுக்கே தீ வைத்தான் அந்தப் பிள்ளை. பின்னால் தகப்பனுக்கு எதிராகவே அவன் செய்த கலகம் நமக்குத் தெரியும். அவன் செத்தபின் "என் மகனாகிய அப்சலோமே" என்று தாவீது அழுத அழுகையும் தெரியும். இன்னொரு மகன் அதோனியாவைப் பற்றி வேறு மாதிரிக் குறிப்பு இருக்கிறது: நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று தகப்பன் அவனை ஒருக்காலும் கடிந்துகொள்ளவில்லை. சங்கீதங்களைப் பாடியவர், கோலியாத்தை வென்றவர். பிள்ளைகளிடம் மட்டும் பேசத் தெரியவில்லை. நம் வீடுகளில் அந்த இரண்டு வருடங்கள் ஒரே கூரைக்குக் கீழே நடக்கின்றன. பிள்ளைகள் வயலுக்குத் தீ வைக்கும்போது நாம் தீயைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

நானும் இதில் தேறியவன் இல்லை. என் மகளுக்குப் பதினாறு வயதிருக்கும்போது ஒரு நாள் இரவு, நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே, "அப்பா, சில நாள் எனக்கு எதிலுமே அர்த்தம் இல்லாததுபோல இருக்கிறது" என்றாள். எனக்குள் இருந்த பிரசங்கி விழித்துக்கொண்டார். ரோமர் எட்டில் தொடங்கினேன். மூன்றாவது வசனத்துக்குப் போவதற்குள் அவள் துணியை மடித்து வைத்தாள். "நான் உங்களிடம் பேசினேன் அப்பா. நீங்கள் மேடைக்குப் போய்விட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் சொன்ன வசனங்களில் ஒன்றும் தவறில்லை. அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை, அவ்வளவுதான். மறுபடி அவள் அந்தப் பேச்சை எடுக்க நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் பாத்திரம் துலக்கும் வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எதிரெதிரே உட்காரவைத்து 'சொல்' என்றால் இந்த வயதுப் பிள்ளைகள் பேசமாட்டார்கள். கைக்கு ஒரு வேலையும், பார்ப்பதற்கு வேறொரு திசையும் இருந்தால் பேசுவார்கள்.

இப்போது அவர்களுக்குப் பேச வேறு துணையும் வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் இரவு இரண்டு மணிக்கு மனத்தைக் கொட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அது அதிர்ச்சியடையாது, குறுக்கே பேசாது, அத்தைக்குத் தொலைபேசியில் சொல்லாது. அதை நம்பி ஒரு பிள்ளையின் உயிரை ஒப்படைக்க முடியாது என்பது உறுதி. ஆனால் அங்கே ஏன் போனான் என்று யோசித்தால் நம் முகம் கொஞ்சம் தெரியும்.

சந்தேகங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆராதனைக்கு வரமாட்டேன் என்கிறவர்கள் எல்லோரும் விசுவாசத்தைவிட்டுப் பின்வாங்கியவர்கள் இல்லை. சிலருக்கு உண்மையான கேள்விகள் இருக்கின்றன: நல்ல தேவன் இருந்தால் இந்தக் குழந்தை ஏன் செத்தது, அறிவியல் பாடமும் ஆதியாகமமும் எப்படிப் பொருந்தும், மேடையில் அன்பைப் பற்றிப் பேசியவர் கமிட்டிக் கூட்டத்தில் ஏன் அப்படிக் கத்தினார். கடைசிக் கேள்விதான் எப்போதும் கஷ்டமானது. 'கேள்வி கேட்காதே, விசுவாசி' என்றால் அவன் கேள்வியை விடமாட்டான். உங்களிடம் கேட்பதை விட்டுவிடுவான். சிறையிலிருந்த யோவான்ஸ்நானன், வருகிறவர் நீர்தானா என்று இயேசுவிடம் ஆளனுப்பிக் கேட்டார். இயேசு கோபப்படவில்லை, கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்றார், வந்தவர்கள் போனபின் ஜனங்களிடம் யோவானை உயர்த்திப் பேசினார். தோமாவும் இயேசு உயிர்த்தெழுந்ததை நம்பாதவராகவே எட்டு நாள் மற்றச் சீஷர்களோடு இருந்தார். யாரும் வெளியே தள்ளவில்லை. 'எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து படித்துப் பார்ப்போம்' என்று ஒரு தகப்பன் சொன்னால் பிள்ளையின் விசுவாசம் குறைந்துபோகாது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறியவரும் ஒரு தகப்பன்தான். மகனுக்காக வந்து நின்றவர்.

ஒன்றை மட்டும் அவசரமாகக் கவனியுங்கள். கதவைச் சாத்துவது வயதின் சுபாவமாக இருக்கலாம்; ஆனால் இரண்டு, மூன்று வாரமாகச் சாப்பாடும் தூக்கமும் மாறியிருந்தால், பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் விட்டிருந்தால், 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' போன்ற பேச்சு வந்தால், உடனே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. சொல்லிவிட ஒரு வழி கிடைக்கிறது. விசுவாசக் குறைவு என்று சொல்லி மருத்துவரைத் தள்ளிப்போடுகிறவர்கள் எலியா தீர்க்கதரிசியின் கதையை வாசிக்கவேண்டும். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர், சூரைச்செடியின் கீழே படுத்துச் சாகவேண்டும் என்றார். தூதன் பிரசங்கிக்கவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். தேவன் பேசியது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில்.

'பிள்ளையானவனை நடக்கவேண்டிய வழியிலே நடத்து; அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்' என்ற நீதிமொழியை வைத்து உங்களை நீங்களே அடித்துக்கொள்கிறீர்கள் என்று கேள்வியிலேயே தெரிகிறது. நீதிமொழிகள் வாழ்க்கை பொதுவாக எப்படி நடக்கும் என்று சொல்கிற ஞானம். கையெழுத்திட்ட ஒப்பந்தப் பத்திரம் கிடையாது. ஏசாயாவின் முதல் அதிகாரத்தில் கர்த்தரே சொல்கிறார்: பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாகக் கலகம்பண்ணினார்கள். அவர் வளர்ப்பில் குறை என்று யார் சொல்லமுடியும்?

பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டினின் தாய் மோனிக்காவும் உங்களைப்போல அழுதவர்தான். மகனோடு வாதாடித் திருத்தும்படி ஒரு பிஷப்பிடம் போய்க் கெஞ்சினார். அவர் மறுத்துவிட்டார்: இப்போது அவன் கேட்கும் நிலையில் இல்லை, கொஞ்சம் விட்டுவிடுங்கள், ஜெபம் மட்டும் செய்யுங்கள், வாசித்து வாசித்து அவனே கண்டுகொள்வான் என்றார். 383-இல் மகன் தாயிடம் பொய் சொல்லிவிட்டு இரவோடிரவாக ரோமுக்குக் கப்பலேறினான். 387-இல் மிலானில் அந்நகரத்து பிஷப் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு வயது 32. மோனிக்கா அந்த ஆண்டிலேயே இறந்துபோனார். உங்கள் மகனுக்குப் பதினைந்துதான் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமைச் சண்டையைச் சில வாரம் நிறுத்திவையுங்கள் என்று சொல்லத்தான் தோன்றுகிறது; உங்கள் கணவர் ஒத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை. குறைந்தபட்சம் இதைச் செய்யலாம்: ஆராதனை எத்தனை மணிக்கு என்பது உனக்குத் தெரியும், நாங்கள் போகிறோம், நீ வந்தால் சந்தோஷம் என்று ஒரே முறை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். திரும்பிவந்ததும் பிரசங்கத்தின் சுருக்கத்தை ஒப்பிக்காதீர்கள். சபையில் அவன் மதிக்கிற, அவனைவிட ஏழெட்டு வயது மூத்த யாராவது இருந்தால், அவனோடு பந்து விளையாடச் சொல்லுங்கள். வேறு எதையும் சொல்லியனுப்பாதீர்கள்.

அந்தக் கதவு ஒரு சாண் திறந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் போகிறபோக்கில் எழுதியது. நான் அங்கேதான் நின்றுவிட்டேன். இன்றிரவு தட்டிவிட்டு உள்ளே போங்கள். வேதாகமத்தை எடுத்துப்போகவேண்டாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் மதிப்பெண்ணைப் பற்றியும் பேசாமல், அவன் ஏதாவது காட்டினால் பாருங்கள், பாட்டுப் போட்டால் கேளுங்கள். பிடிக்காவிட்டாலும் முகத்தைச் சுளிக்காதீர்கள். பத்து நிமிடம் போதும். எழுந்து வரும்போது கதவை அவன் வைத்திருந்த அளவிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் உங்கள் கணவர் போகட்டும்.